போர்வெல் ஸ்டார்ட்டர், மில் சென்சார், கிரேன் ரிமோட்: ரேடியோ அலையைப் பூட்டாக்குவது எங்கே எடுபடும்?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஒயர்லெஸ் சாதனம் செய்து கொடுக்கும் பட்டறைகளுக்கு மூன்று வகை வேலை அடிக்கடி வரும். தோட்டத்துப் போர்வெல் மோட்டாரைச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) உட்கார்ந்தபடியே போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர். நூல் மில்லில் வெப்பமும் ஈரப்பதமும் அளந்து அனுப்பும் சென்சார். பவுண்டரி கிரேனைத் தரையில் நின்று ஓட்டும் ரிமோட். குறியாக்கச் சாவியைச் சிப்பில் எழுதி அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளலாமா, ரேடியோ அலையின் இயற்பியல் குணத்தைப் பயன்படுத்தும் முறை ஒன்றையும் சேர்க்க வேண்டுமா என்பதுதான் மூன்றிலும் கேள்வி.

சேர்ப்பதென்றால் நான்கு வழி இருக்கிறது. சேனலின், அதாவது இரு முனைக்கும் நடுவே அலை போகும் பாதையின், ஏற்ற இறக்கத்தில் இருந்து இரு முனையும் ஒரே சாவியை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் உள்ள சிறு குறைகளைக் கைரேகையாகப் பதியலாம். ஆண்டெனாவின் திசையையும் சக்தியையும் வைத்துச் சிக்னல் போகும் எல்லையைக் குறுக்கலாம். அலை வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கலாம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இவற்றில் எதுவும் 128 பிட் சாவி கொண்ட ஏஇஎஸ்-128 என்ற குறியாக்க முறைக்கு மாற்றாகாது. அதற்கு மேல் எதைச் சேர்ப்பது என்பதை டேட்டாஷீட் பார்த்து முடிவு செய்ய முடியாது. பெட்டி மாட்டப்போகும் இடத்தில் அலையின் பாதை அசைகிறதா, சும்மா கிடக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடித்தளம்

களத்தில் உடைவது ஏஇஎஸ் இல்லை, அதைப் பயன்படுத்திய விதம்தான். 433 மெகாஹெர்ட்ஸ் லேர்னிங் கோடு ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஈவி1527 வகைச் சிப் 20 பிட் அடையாள எண்ணும் 4 பிட் பட்டன் நிலையும் சேர்த்து 24 பிட்டை அனுப்புகிறது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அதே 24 பிட். ஹேக்ஆர்எஃப் போன்ற ஒரு எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) கருவியில் ஒருமுறை பதிந்து திருப்பி ஒலிபரப்பினால் கிரேன் நகரும், கேட் திறக்கும். அதில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ளக்கூடத் தேவையில்லை.

லோரா (குறைந்த சக்தியில் நெடுந்தூரம் போகும் ரேடியோ முறை) ஸ்டார்ட்டரில் இரண்டு தவறு வழக்கமாக வருகிறது. எல்லாப் போர்டிலும் ஒரே சாவியை எழுதுவது ஒன்று. ஒரு பெட்டியைக் கழற்றி எடுத்தவனுக்கு மொத்த ஊரும் திறந்துவிடும். கரண்ட் போய் வந்ததும், பேக்கெட்டுகளை எண்ணும் பிரேம் கவுண்டர் பூஜ்யத்துக்குத் திரும்புவது இன்னொன்று. லோராவின் நெட்வொர்க் நெறிமுறையான லோராவானில், சாவியை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஏபிபி முறையை எடுத்துக்கொண்டு கவுண்டரைச் சேமிக்காமல் விட்டால், அதே சாவி, அதே கவுண்டர் என்று குறியாக்க ஓட்டம் மறுபடி வரும். இரண்டு பேக்கெட்டை ஒன்றோடொன்று எக்ஸ்ஓஆர் செய்தாலே (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டாலே) உள்ளடக்கம் கசியும். சர்வரில் கவுண்டர் சோதனையையும் அணைத்து வைத்திருந்தால் (புகார் வரக்கூடாது என்று அப்படிச் செய்கிறார்கள்) பழைய கட்டளையை அப்படியே திருப்பி அனுப்பலாம். தோட்டத்து த்ரீ பேஸ் நாளுக்கு எத்தனை முறை போய் வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று விளக்க வேண்டியதில்லை.

இதற்குச் செலவில்லாத மருந்து இருக்கிறது. ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் கவுண்டரைப் பிளாஷ் நினைவகத்தில் எழுதினால், சிப்பைப் பொறுத்துப் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் தடவையில் அந்தப் பகுதி தேய்ந்துவிடும். 100 எண் முன்தள்ளி எழுதி வையுங்கள். மீண்டும் உயிர் வந்ததும் எழுதி வைத்த எண்ணில் இருந்து தொடங்கி, அடுத்த 100ஐப் பதியுங்கள். ஒரு நாளில் 20 முறை கரண்ட் போனாலும் 2,000 எண்தான் வீணாகும். 32 பிட் கவுண்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இவ்வளவையும் செய்து முடித்த பிறகுதான் கீழே உள்ளவற்றைப் பற்றிப் பேச்சு.

காற்றில் இருந்து சாவி எடுப்பது

நான்கில் இதுதான் கவர்ச்சியானது, இதில்தான் அதிகம் ஏமாறவும் செய்கிறார்கள். செய்தி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளச் சாவி இருந்தால்தான் முழு ரகசியம் கிடைக்கும் என்று தகவல் கோட்பாட்டின் முன்னோடி ஷானன் 1949இல் நிறுவினார். ஒட்டுக்கேட்பவனின் சேனல் நம்முடையதைவிட மோசமாக இருந்தால் சாவியே இல்லாமலும் ரகசியம் பேசலாம் என்று 1975இல் வைனர் காட்டினார். இருவருக்குப் பொதுவான ஒரு தற்செயல் அளவு கிடைத்தால், பொதுவெளியில் பேசியே ரகசியச் சாவிக்கு வந்து சேரலாம் என்பது மவ்ரர் 1993இல் சொன்னது. ரேடியோ சேனல் அப்படிப்பட்ட பொதுவான தற்செயல் அளவு. ஒரே அலைவரிசையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் அனுப்பினால், இங்கிருந்து அங்கே போகும் அலையும் அங்கிருந்து இங்கே வரும் அலையும் ஒரே மாதிரி ஏறி இறங்கும். அலை பல திசையில் சிதறும் இடமாக இருந்தால், அரை அலைநீளத்துக்கு மேல் தள்ளி நிற்பவனுக்கு வேறு மாதிரி ஏறி இறங்கும். 866 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 17 சென்டிமீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் 6 சென்டிமீட்டர்.

செய்முறை இப்படிப் போகும். ஒரு முனை சிறு சோதனைப் பேக்கெட் அனுப்ப, மறுமுனை உடனே பதில் அனுப்பும். இருவரும் தாங்கள் பெற்ற சிக்னல் வலுவை, அதாவது ஆர்எஸ்எஸ்ஐ அளவைக் குறித்துக்கொள்வார்கள். அதில் இருந்து நகரும் சராசரியைக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் தூரத்தாலும் நிழலாலும் வரும் மெதுவான ஏற்ற இறக்கம் சாவிக்குள் போய்விடும், அது ஒட்டுக்கேட்பவனுக்கும் தெரியும். மிச்சத்தில் சராசரிக்கு மேலே அரை திட்ட விலக்கத்தைத் தாண்டியது 1, கீழே தாண்டியது 0, நடுவில் விழுந்ததைத் தள்ளிவிட வேண்டும். எந்தெந்த வரிசை எண்ணைத் தள்ளினோம் என்று பரிமாறிக்கொள்வதில் ரகசியம் போகாது. பிறகு கேஸ்கேடு போன்ற ஒரு முறையால் பொருந்தாத பிட்டுகளைத் திருத்தி, கடைசியில் ஹேஷ் போட்டுச் சுருக்கினால் சாவி.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். எஸ்எஃப்7 (எஸ்எஃப் என்பது லோராவின் பரவல் காரணி, அது கூடக் கூடத் தூரம் கூடும், வேகம் குறையும்), 125 கிலோஹெர்ட்ஸ் அகலம், 10 பைட் பேக்கெட் என்றால் காற்றில் 41 மில்லிநொடி. 800 ஜோடிப் பேக்கெட் அனுப்பினால், நடுப்பட்டையில் விழுந்த 38 சதவீதம் போக 496 பிட் மிஞ்சும். அதில் 5 சதவீதம் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். திருத்தும்போது காற்றில் கசியும் தகவல் கோட்பாட்டளவில் பிட்டுக்கு 0.286, நடைமுறையில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 170 பிட். அடுத்தடுத்த அளவுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் பிட்டுக்கு 0.7தான் உண்மையான தற்செயல் என்று கொண்டால் 347 பிட். கழித்தால் 177. 128 பிட் சாவிக்கு இது போதும். 500 ஜோடியோடு நிறுத்தியிருந்தால் போதாது. ஜோடிக்கு 200 மில்லிநொடி இடைவெளி விட்டால் மொத்தம் 160 நொடி, ஆக நொடிக்கு ஒரு பிட் சொச்சம். சாதாரண வைஃபை கார்டைக் கொண்டு 2008இல் காட்டப்பட்ட வேகமும் நொடிக்கு ஏறக்குறைய 1 பிட்தான் என்பதால், இதைவிடப் பல மடங்கு வேகம் சொல்லும் விளம்பரத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

இப்போது அதே வேலையை எஸ்எஃப்12இல் செய்து பாருங்கள். அதே 10 பைட் காற்றில் 0.99 நொடி எடுக்கும். சுற்றுப்புறத்தில் எதுவாவது நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்ந்தாலே 866 மெகாஹெர்ட்ஸில் சேனல் 60 முதல் 150 மில்லிநொடிக்குள் மாறிவிடும். போன பேக்கெட்டும் வந்த பேக்கெட்டும் வேறு வேறு சேனலைப் பார்த்திருக்கும், பிட்டுகள் பொருந்தாது. சேனல் மெதுவாக அசைந்தால் பொருந்தும், ஆனால் புதுப் பிட் வருவதற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். தூரம் வேண்டி எஸ்எஃப்12க்குப் போகும் தோட்டத்து லிங்க்கில் இந்த முறை இருபக்கமும் அடிவாங்குகிறது.

இடத்துக்கு வருவோம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) இரண்டு கம்பத்துக்கு நடுவே நேர்ப்பார்வை, அங்கங்கே வெள்வேல மரம், மேயும் மாடு நாலு. ஆர்எஸ்எஸ்ஐ மணிக்கணக்கில் இரண்டு மூன்று எண்ணுக்குள்ளேயே ஆடும். எஸ்எக்ஸ்1276 என்ற லோரா சிப் ஆர்எஸ்எஸ்ஐயை 1 டெசிபல் படியில்தான் தரும். எஸ்எக்ஸ்1262 அரை டெசிபல் படியில் தரும். அந்த ஆட்டம் ரிசீவரின் சொந்த இரைச்சல். அது இரு முனைக்கும் பொதுவானதில்லை என்பதால் பிட்டுகளில் பாதிக்குப் பாதி பொருந்தாது. இதைவிட மோசமான ஆபத்தும் உண்டு: அசையாத இடத்தில் ஒருவன் குறுக்கே நடந்தோ வண்டியை நகர்த்தியோ தான் விரும்பும் ஏற்ற இறக்கத்தையே உண்டாக்கலாம். அதை 2009இல் ஓர் ஆய்வு சோதித்தே காட்டிவிட்டது.

பொள்ளாச்சித் தென்னந்தோப்பு வேறு கதை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று இறங்கும்போது மட்டைகள் ஓயாமல் ஆடும், அலையின் பாதையும் ஆடும். சாவி புதுப்பிப்பை அந்த நேரத்துக்குத் தள்ளி வைக்கலாம்: ஆர்எஸ்எஸ்ஐயின் திட்ட விலக்கம் 3 டெசிபலைத் தாண்டினால் மட்டும் தொடங்கு, இல்லாவிட்டால் பழைய சாவியோடு இரு என்று நிரல் எழுதினால் போதும்.

உண்மையில் இந்த முறைக்கு ஏற்ற களம் நூல் மில்தான். நூல் நூற்கும் ரிங் பிரேம் வரிசை முழுக்க இரும்பு, அலை நூறு இடத்தில் பட்டுத் திரும்பும், ஆட்களும் டிராலியும் நடமாடிக்கொண்டே இருப்பார்கள். ஈஎஸ்பி32 என்ற வைஃபை சிப் போட்டிருந்தால் ஆர்எஸ்எஸ்ஐ என்ற ஒற்றை எண்ணுக்குப் பதில் 52 துணை அலைகளின் சேனல் அளவும் கிடைக்கும். 52 என்றதும் 52 பிட் என்று நினைத்துவிடக்கூடாது. பக்கத்துப் பக்கத்துத் துணை அலைகள் ஒன்றாகவே ஏறி இறங்கும். ஷெட்டில் தாமதப் பரவல் (பட்டுத் திரும்பும் அலைகள் வந்து சேரும் நேர வித்தியாசம்) 100 நானோநொடி என்றால் சேனல் 2 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கும். 20 மெகாஹெர்ட்ஸில் தனித்தனியானது பத்துதான் தேறும். பேஸ் (அலையின் கட்டம்) அளவைத் தொடாதீர்கள், இரு சிப்பின் கடிகார வேறுபாட்டால் அது பேக்கெட்டுக்குப் பேக்கெட் கலைந்துபோகும். வீச்சை மட்டும் எடுத்து, தானியங்கி கெயினால் வரும் மாற்றத்தைப் போக்க ஒவ்வொரு பேக்கெட்டையும் அதன் சராசரியால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மில்லில் ஒரு பொறி இருக்கிறது. இயந்திரங்களுக்கு மேலே தண்டவாளத்தில் போய்வரும் ஓவர்ஹெட் க்ளீனர் பெரிய இரும்புப் பொருள். ஒரே வேகத்தில், ஒரே பாதையில், திரும்பத் திரும்ப வரும். பிட்டுகளும் அதே கதியில் திரும்ப வரும். ஒன்றும் பூஜ்யமும் சரிபாதி இருக்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொண்டால் இது கண்ணில் படாது. தன்தொடர்பு வரைபடம் (பிட் வரிசை எவ்வளவு நேரம் கழித்துத் தன்னையே ஒத்திருக்கிறது என்று காட்டுவது) போட்டால் க்ளீனரின் சுற்று நேரத்தில் முகடு தெரியும். தெரிந்தால் அந்தச் சுற்றுக்குள் ஒருமுறைக்கு மேல் அளவு எடுக்காதீர்கள், அல்லது சென்சாரைக் க்ளீனர் போகாத சுவருக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, விற்பவர்கள் வாய் திறக்காத விஷயம் ஒன்று. காற்றில் இருந்து எடுத்த சாவி ரகசியத்தைத் தரும், எதிரில் இருப்பது யார் என்று சொல்லாது. நடுவில் ஒருவன் புகுந்து இரண்டு பக்கமும் தனித்தனிச் சாவி உண்டாக்கிக்கொண்டால் இரு முனைக்கும் தெரியாது. அதனால் சோதனைப் பேக்கெட்டுகளையும் திருத்தச் செய்திகளையும் சிப்பில் எழுதிய சாவியால் முத்திரையிட வேண்டும். அப்படியானால் இதன் பயன் என்ன? ஒரு போர்டின் சாவியைப் பட்டறையிலேயே யாராவது நகல் எடுத்திருந்தாலும், களத்தில் சாவி புதுப்பித்த நேரத்தில் அவன் அங்கே நின்று குறுக்கிடாதவரை அந்த நகலை வைத்துப் பிறகு நடக்கும் பேச்சைக் கேட்க முடியாது. அந்த ஒரு பயனுக்காக இவ்வளவு வேலையா என்று கேட்டால், பல கைகள் மாறிப் போர்டு தயாராகும் மில் ஆர்டருக்கு ஆம், ஒரே ஆள் நிரல் ஏற்றும் ஸ்டார்ட்டருக்கு இல்லை.

டிரான்ஸ்மிட்டரின் கைரேகை

ஒவ்வொரு கிரிஸ்டலும் சொன்ன அலைவரிசையில் இருந்து சற்று விலகியே ஓடும். பவர் ஆம்ப்ளிபயரின் வளைவு, ஐ-க்யூ சமநிலைக் குறை, ஆன் ஆகும் நொடியின் வடிவம் எல்லாம் போர்டுக்குப் போர்டு மாறும். நோடு (அனுப்பும் பெட்டி) பக்கம் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை, கேட்வே (எல்லா நோடுகளிடம் இருந்தும் பெறும் பெட்டி) பக்கம் மட்டும் வேலை என்பது இதன் வசதி. எஸ்எக்ஸ்1276 போன்ற சிப் அலைவரிசை விலகலைத் தானே அளந்து ரெஜிஸ்டரில் தருகிறது, எஸ்டிஆர் கூடத் தேவையில்லை.

நம் ஊர் வெயிலில் இது நிற்குமா என்பதைக் கணக்கே சொல்லிவிடும். பத்து பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) விலகும் கிரிஸ்டல் 866 மெகாஹெர்ட்ஸில் இருபக்கமும் 8.66 கிலோஹெர்ட்ஸ், ஆக மொத்தம் 17.3 கிலோஹெர்ட்ஸ் பரப்பு. அதற்குள் 30 நோடு இருந்தால் சராசரி இடைவெளி 0.6 கிலோஹெர்ட்ஸ் கூட இல்லை. சித்திரை வெயிலில் காயும் தகரப் பெட்டி விடியற்காலைக் குளிருக்கு இறங்கும்போது 3 பிபிஎம் நகர்ந்தாலே 2.6 கிலோஹெர்ட்ஸ். பக்கத்து நாலு நோடுகளின் அடையாளத்தைத் தாண்டிப் போய்விடும். வெப்ப மாற்றத்தை ஈடுசெய்யும் டிசிஎக்ஸ்ஓ வகைக் கிரிஸ்டல் போட்டால் நகர்வு குறையும், ஆனால் எல்லா நோடும் 2 பிபிஎம்முக்குள் ஒடுங்கிவிடும். நல்ல பாகம் போடப் போடக் கைரேகை மங்கும். கேட்வேயில் மட்டும் டிசிஎக்ஸ்ஓ, நோடில் சாதாரண கிரிஸ்டல், அதோடு நோடு அனுப்பும் வெப்ப அளவையும் சேர்த்து விலகலைத் திருத்துவது என்பதுதான் ஓரளவு வேலை செய்யும் கூட்டு.

தவறான எச்சரிக்கையையும் எண்ணிப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேக்கெட் என்றால் நோடுக்கு நாளுக்கு 288. நூற்றுக்கு ஒன்று தவறாகச் சந்தேகிக்கப்பட்டாலும் 40 நோடுக்கு நாளுக்கு 115 எச்சரிக்கை. மில் மேற்பார்வையாளர் முதல் வாரத்திலேயே அதை அணைத்துவிடுவார். தடுக்கும் பூட்டாக இதை வைக்க வேண்டாம். ஒரே நோடில் தொடர்ந்து 10 பேக்கெட் மாறுபட்டால் பதிவேட்டில் குறித்து வைப்பதோடு நிறுத்துங்கள். எஸ்டிஆர் வைத்திருப்பவன் அலைவரிசை விலகலைப் போலி செய்வது மிக எளிது. பழுது பார்த்துக் கிரிஸ்டல் மாற்றினாலும், கேட்வேயை மாற்றினாலும் எல்லாப் பதிவும் முதலில் இருந்து.

திசையும் சக்தியும்

மலிவான வழி, ஆனால் லோராவில் இதன் மேல் வைக்கும் நம்பிக்கை பெரும்பாலும் வீண். தடையற்ற வெளியில் 1 கிலோமீட்டருக்கு 866 மெகாஹெர்ட்ஸ் இழப்பது 91 டெசிபல். 14 டிபிஎம் (1 மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல்) சக்தியில் அனுப்பினால் மைனஸ் 77 டிபிஎம் வந்து சேரும். எஸ்எஃப்7க்கு மைனஸ் 123 வரை கேட்கும் ரிசீவருக்கு 46 டெசிபல் மிச்சம். ஒரே திசையில் குவிக்கும் யாகி ஆண்டெனாவின் முதுகுப்பக்கம் 20 டெசிபல் குறைந்தாலும் அங்கே 1 கிலோமீட்டரில் நிற்பவனுக்கு இன்னும் 26 டெசிபல் கையிருப்பு. தூரத்துக்காகவே செய்யப்பட்ட முறை ஒட்டுக்கேட்பவனுக்கும் தூரத்தைக் கொடுக்கிறது. சக்தியைக் குறைத்து, எஸ்எஃப்பையும் குறைத்து, மிச்சத்தை 15 டெசிபல் அளவில் வைப்பது நல்ல பழக்கம்தான், பேட்டரிக்கும் நல்லது. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

செயற்கை இரைச்சலைக் கலந்து அனுப்பி ஒட்டுக்கேட்பவனை மட்டும் குழப்பும் முறைக்குப் பல ஆண்டெனாவும் சேனல் அறிவும் வேண்டும், சிறு போர்டில் அது நடக்காது. தனியாக ஜாமர் வைத்துக்கொள்வது சட்டப்படி கூடாது.

தூரத்தை அளப்பது

கிரேன் ரிமோட்டுக்கு மட்டும் இது பொருந்தும். அலை ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் போகும். 30 மீட்டருக்கு 100 நானோநொடி. 2020இல் வந்த 802.15.4இசட் தரத்தின் யுடபிள்யூபி (மிக அகன்ற அலைப்பட்டை) சிப்புகள் நேர முத்திரையையே குறியாக்கி அனுப்புவதால், வெளியே இருந்து ரிலே செய்பவன் தாமதத்தைக் கூட்டலாமே ஒழியக் குறைப்பது கடினம். இரும்பு மறைத்தால் அலை சுற்றி வந்து தூரம் கூடுதலாகத் தெரியும், அதனால் 30 மீட்டர் ஷெட்டுக்கு 40 என்று எல்லை வையுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு மட்டும் தூரச் சோதனை வைக்கவே கூடாது. எங்கிருந்து வந்தாலும் கிரேன் நிற்க வேண்டும். ரிமோட்டின் துடிப்பு அரை நொடி வராவிட்டாலும் கான்டாக்டர் விழ வேண்டும்.

எதற்கு எது

போர்வெல் ஸ்டார்ட்டருக்குப் போர்டுக்கு ஒரு சாவி, சேமித்த கவுண்டர், இவை போதும். காற்றுச் சாவியும் கைரேகையும் வீண் செலவு. அந்தப் பணத்தை, தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதைத் தடுக்கும் டிரை ரன் பாதுகாப்பிலும், நிறுத்து என்ற கட்டளை வராவிட்டாலும் குறித்த நேரத்தில் மோட்டாரை நிறுத்தும் டைமரிலும் போடுங்கள். சிக்னலை மறித்துக் கட்டளையை வரவிடாமல் செய்பவனுக்கு மேலே சொன்ன நான்கு முறையும் பதில் சொல்லாது, டைமர் சொல்லும். கிரேனுக்கு, ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மாறும் ரோலிங் கோடும் தூரச் சோதனையும். மில் சென்சாருக்கு வாரம் ஒருமுறை சாவியைக் காற்றில் இருந்து புதுப்பிப்பது நியாயமான செலவு, அதுவும் இடத்தைச் சோதித்த பிறகு.

சோதனைக்கு மூன்று போர்டு போதும். இரண்டை நிரந்தரமாக மாட்டப்போகும் இடத்திலேயே வைத்து, இருபக்க அளவையும் அரை மணி நேரம் பதியுங்கள். பகல் ஷிப்டில் ஒருமுறை, இரவு ஷிப்டில் ஒருமுறை, மெஷின் நின்றிருக்கும் விடுமுறை நாளில் ஒருமுறை. மூன்றாவதை ஒரு முனைக்கு அரை மீட்டர் தள்ளி, கேட்க மட்டும் விடுங்கள். நகரும் சராசரியைக் கழித்த பிறகு இரு முனையின் அளவுகளுக்கும் இடையே தொடர்புக் கெழு (முழு ஒற்றுமைக்கு 1) 0.9க்குக் கீழே போனாலோ, மூன்றாவது போர்டுக்கும் உங்களுக்கும் இடையே 0.3க்கு மேலே ஏறினாலோ, அந்த இடத்தில் அந்த நேரத்தில் சாவி எடுக்காதீர்கள்.